முந்திரிக்கொட்டை இருக்கிற லைன்

மத்தியானம் ஒரு மணி. ராத்திரி இல்லை... அதை முதலில் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில். நிழல்கூடக் காலடியில் ஒளிந்துகொண்ட நேரம்.

அது பழைய ரோடு. பக்கத்திலேயே புது ரோடு போட்ட பிறகு அதில் எவனும் வண்டி ஓட்டுவதில்லை. தார் வெடித்து, வெடிப்பில் புல் முளைத்து, அந்தப் புல்லும் காய்ந்து... ஒரு காக்கா இல்லை. ஓரமாக ஒரே ஒரு வேன். உள்ளே ஒருவர் டிபன் டப்பாவை மடியில் வைத்துத் திறக்கிறார். முதல் வாய் இன்னும் உள்ளே போகவில்லை. போன் அடித்தது.

அவர் யார்? நம்ம வெல்டரின் சித்தப்பா. வெல்டர் இன்றைக்கு லீவு. அதனால்தான் இந்தக் கதை வெளியே வருகிறது. அவன் இருந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவான். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள், மழை உள்ளே அடிக்கிறது. மூலையில் இருப்பவர்கள் கிட்டே வாருங்கள். இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

சித்தப்பாவுக்குக் கேபிள் ஒட்டுகிற வேலை. நாம் குழி வெட்டிப் புதைக்கிறோமே, அந்தக் கேபிளுக்குள் தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழை இருக்கும். அதற்குள் ஒளி ஓடும். ஜனங்கள் போனில் கொஞ்சுவது, திட்டுவது, படம் பார்ப்பது எல்லாமே அந்த ஒளிதான். நம்மாள் எவனாவது கடப்பாரையை இறக்கி அதை அறுத்துவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார். நம்மை ஒரு பார்வை பார்ப்பார். குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டிவிட்டுப் போவார். எல்லோருக்கும் அவர் ஒட்டுக்காரர்.

போனில் கன்ட்ரோல் ரூம் பெண். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி.

"அண்ணே, சாப்டாச்சா?"

"எங்க சாப்பிட விட்ட? சொல்லும்மா."

"பழைய ரோட்டுல ஒரு கூண்டு இருக்குல்ல... அதுல ஏதாவது புதுசா லைன் இழுத்தீங்களா?"

கூண்டு என்றால் கேபிள்கள் வந்து சேருகிற ஒற்றை அறைக் கட்டடம். வேன் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. தகரக் கதவு, மேலே ஒரு சின்ன ஜன்னல்.

"செத்த லைனும்மா அது. ரோடு மாறினப்பவே ரெண்டு பக்கமும் நானே வெட்டினேன். கரண்டும் புடுங்கியாச்சு. உள்ள பல்லி கூட குடியிருக்காது."

அந்தப் பக்கம் கீபோர்டில் விரல் படுகிற சத்தம் மட்டும்.

"அது பதில் சொல்லுது, அண்ணே."

விஷயம் இதுதான். முன்பெல்லாம் ஒரு வழி போட்டால் அதுதான் வழி. நெரிசலோ, சுற்றோ, தகவல் அதில்தான் போய்த் தொலைய வேண்டும். போன வாரம் புதுப் புரோகிராம் ஒன்று போட்டார்கள். அது கணத்துக்குக் கணம் எல்லா வழியிலும் ஆள் விட்டு 'இருக்கியா?' என்று கேட்கும். எந்த வழியிலிருந்து முதலில் 'இருக்கேன்' என்று வருகிறதோ, எல்லாவற்றையும் அந்த வழியில் திருப்பிவிடும். எவன் முந்துகிறானோ அவனுக்கே வேலை. அவன் யார், என்ன என்று கேட்காது. பழைய கூண்டைக் கேபிள் வரைபடத்திலிருந்து எடுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதனால் அங்கேயும் போய்க் கேட்டிருக்கிறது.

"எவ்வளவு நேரத்துல பதில் வருது?" என்றார்.

"நேரமே ஆகல, அண்ணே. இது கேக்கறதுக்கு முன்னாடியே வருது."

"கடிகாரம் தப்பா இருக்கும்."

"மேனேஜரும் அதான் சொல்றார். காலையிலேர்ந்து குவாரி லைன் மொத்தமும் அது வழியாத்தான் போகுது. குவாரியில ஒரே சந்தோஷம். அதுல கை வைக்காதேங்கிறார். எனக்குத்தான் மனசு கேக்கல... நீங்க ஒரு எட்டு பாத்துடுங்களேன்."

குவாரி என்ற சொல்லைக் கேட்டதும் ஒட்டுக்காரரின் கை டப்பா மேலேயே நின்றது.

அந்தக் குவாரியில் மெஷினுக்குள் ஆள் உட்காருவதில்லை. பாறை சரிகிற இடம். அதனால் டிரைவர்கள் டவுனில் ஏசி ரூமில் உட்கார்ந்து, டிவியில் பார்த்துக்கொண்டே லீவரை இழுப்பார்கள். இழுத்தது கேபிளில் ஓடி வந்து, இங்கே மெஷின் கையை நீட்டும். நடுவில் அரை மூச்சு தாமதம். டிரைவர் அங்கே நிறுத்தினாலும் இங்கே அரை மூச்சு கழித்துத்தான் நிற்கும். ஆனால் சங்கிலி மாட்ட டவுனிலிருந்து முடியுமா? அதற்கு ஆள் கீழே நின்றாக வேண்டும். போன மழைக்கு அந்த அரை மூச்சில் ஒருவன் பாதம் போயிற்று. அதற்குப் பிறகுதான் தாமதத்தைக் குறை, குறை என்று ஒரே கூச்சல். அதற்காகத்தான் இந்தப் புதுப் புரோகிராம்.

கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவர்களில் ஒருவன் ஒட்டுக்காரரின் மச்சினன். பெண்டாட்டியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அவனை ஆமை என்று கூப்பிடுவார்கள். நல்ல பையன், உழைப்பாளி. ஆனால் ஒன்று கேட்டால், டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் பதில் வரும். பேரைக் கேட்டாலே யோசிப்பான் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். தினமும் காலையில் பெண்டாட்டி டப்பாவை நீட்டும்போது ஒரே பாட்டுத்தான்.

"ஏங்க, என் தம்பி மெதுவா நகர்றவன். அந்த மெஷின் அவனுக்காக நிக்குமா?"

"மெஷினும் மெதுவாத்தான்டி இருக்கு. ரெண்டும் ஜாடிக்கேத்த மூடி."

அப்படிச் சொல்லித்தான் அன்றைக்கும் கிளம்பினார். இப்போது மெஷின் மெதுவாக இல்லை.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு இறங்கினார். பையைத் தோளில் போட்டார். நடந்தார். திரும்பி வந்து வேன் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி நடந்தார். காலில் ஏதோ எறும்பு ஏறுகிற மாதிரி ஒரு பரபரப்பு. குனிந்து பார்த்தார். எறும்பு இல்லை.

கூண்டுக் கதவில் அவர் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. துரு பிடித்து, சாவித் துவாரத்தில் குளவி மண் அப்பியிருந்தது. யாரும் திறக்கவில்லை. மண்ணைச் சுரண்டிவிட்டுத் திறந்தார்.

அனல் முகத்தில் அடித்தது. தகரக் கூரை வெயிலில் விரிந்து... டக்... டக்... என்று சத்தம். தரையில் தூசி ஒரு விரல் கனம். காலடி ஒன்றும் இல்லை. மெஷின் மாட்டியிருந்த இரும்புச் சட்டம் காலி. சுவரோரம் ரெண்டு கேபிள் துண்டு, ஒன்று இந்தச் சுவரிலிருந்து, ஒன்று அந்தச் சுவரிலிருந்து. வெட்டிய முனைகளில் அவர் சுற்றிய கறுப்பு டேப். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு வெற்றிடம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

ஸ்பிரிட் வாசனை நிற்காது. இழையைத் துடைத்தால் மூக்கில் ஏறும், அடுத்த மூச்சில் பறந்துவிடும். அப்படியென்றால் இப்போதுதான்... இந்த நிமிஷம்தான்... யாரோ துடைத்திருக்க வேண்டும்.

பையிலிருந்து கிளிப்பை எடுத்தார். இழையை அதில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒளி ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி காட்டும். முதல் துண்டில் டேப்பைப் பிரித்து, ஓர் இழையை வைத்து அழுத்தினார். ஒளி இருந்தது. அம்புக்குறி வெளியே பார்த்தது. அடுத்த துண்டில் வைத்தார். அதிலும் இருந்தது. அதிலும் அம்புக்குறி வெளியேதான்.

ரெண்டும் வெளியே. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற ஒளி இல்லை அது. இந்த அறையிலிருந்தே கிளம்புகிறது. நடுவில் இருக்கிற அந்த வெற்றிடத்திலிருந்து. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு காலையும்.

உடனே மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை. எடுத்தாயிற்று.

"டேய், நீ—"

"நல்லா இருக்கேன் மாமா."

"அங்க மெஷி—"

"பட்டு மாதிரி ஓடுது மாமா. நாங்க கை காட்டறதுக்கு முன்னாடியே திரும்புது."

"நீ கொஞ்சம் வெ—"

"வெளிய வந்துட்டேன் மாமா. நிழல்ல நிக்கிறேன்."

குரல் மச்சினன் குரல்தான். ஆனால் ஆமை எந்தக் காலத்தில் இப்படிப் பேசினான்? கையிலிருந்த போனைப் பார்த்தார். வேர்வையில் வழுக்கியது. துடைத்துவிட்டுக் கன்ட்ரோல் ரூமுக்குப் போட்டார். வாயைத் திறக்கக்கூட இல்லை.

"அந்த வழியை எடுத்துட்டேன், அண்ணே," என்றாள் அந்தப் பெண். வைத்துவிட்டாள்.

கிளிப்பை வைத்துப் பார்த்தார். ஒளி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எடுக்கவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இப்படி முந்திக்கொண்டு பதில் சொல்கிறவன் ஒருவனைத்தான் அவர் வாழ்க்கையில் பார்த்திருக்கிறார்.

ஒட்டுக்காரருக்கு முன்பு ஒரு ஜோடி இருந்தான். ஜோடி என்றால் கேபிளின் மறுமுனையில் உட்காருகிறவன். ஒட்டுகிற வேலையை ஒருவர் தனியாகப் பார்க்க முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். ரெண்டு பேரும் பேச்சுப்பெட்டியை இழையில் மாட்டிக்கொள்வார்கள். அந்த இழை வழியாகவே பேச்சு போகும். இவர் "கேக்குதா?" என்பார். அவன் "கேக்குது" என்பான். வேலை முடிந்ததும் இவர் "மூடு" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அவன் ஒட்டு இருக்கிற பெட்டிக்கு மூடி போட்டு எழ வேண்டும். அதுவரை மழையோ இடியோ, உட்கார்ந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒட்டுகிறவர்களுக்கு அதுதான் சட்டம்.

இந்த ஜோடி என்ன செய்வான் தெரியுமா? இவர் "கே—" என்று ஆரம்பிப்பார். அதற்குள் அவன் "கேக்குது, கேக்குது!" என்பான். அதனால் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பேர். எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில். பத்தில் எட்டு சரியாகத்தான் இருக்கும். மீதி ரெண்டில் குட்டிச்சுவர். "பச்சையா..." என்று ஆரம்பித்தால் "பச்சைதான்!" என்பான். கேட்க வந்தது "பச்சையா நீலமா" என்று. கையில் இருப்பது நீலம். ஒருதரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர் அவனைப் பார்த்து வாயைத் திறந்தார். "சாப்டேன், திருப்தியா சாப்டேன்!" என்றான். அவர் கேட்க வந்தது, என் செருப்பை ஏன் போட்டிருக்கே என்று.

அவனை மடக்க ஒரே வழிதான். ஒன்றும் கேட்காமல் சும்மா இருப்பது. பேச்சுப்பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு ஒட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசமாட்டார். முந்திரிக்குத் தாங்காது. அந்த முனையில் நெளிவான், இருமுவான், கடைசியில் அவனே இறங்கி வந்து, "என்னண்ணே? என்ன சொல்லணும்?" என்பான். கேட்டுவிட்டவன் காத்திருந்துதானே ஆக வேண்டும்? அப்போது சொன்னால் அவன் காதில் முழுசாக விழும்.

அவன் செத்தது இந்தக் கூண்டு வாசலில். குழிக்கு மேல் மெஷின் ஒரு கான்கிரீட் பலகையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. டிரைவர் கையைத் தூக்கினார். 'இரு' என்று சொல்லத்தான் தூக்கினார். அந்தக் கை முழுசாக மேலே போவதற்குள் முந்திரி 'வா' என்று எடுத்துக்கொண்டு குழிக்குள் குதித்துவிட்டான். பலகை சரிந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மறுமுனையில் ஒட்டுக்காரர் பேச்சுப்பெட்டியைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வேலை முடியவில்லை. 'மூடு' இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த லைனில் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

வெட்டிய கேபிளைப் பார்த்துக்கொண்டே ஒட்டுக்காரர் யோசித்தார். பத்தில் எட்டு சரி. மீதி ரெண்டு? காலையிலிருந்து அந்தக் குவாரியில் மெஷின் டிரைவர் கையைக் கேட்டு நகரவில்லை. டிரைவர் என்ன நினைப்பார் என்று முந்திரி நினைக்கிறானோ, அதன்படி நகருகிறது. இதுவரை சரியாகப் போயிருக்கிறது. அடுத்த தரம்? டிரைவர் 'இரு' என்று நினைக்கும்போது இவன் 'வா' என்று எடுத்துக்கொண்டால்?

கீழே ஆமை நிற்கிறான்.

வெட்டலாம் என்றால் அது ஏற்கெனவே வெட்டின லைன். கரண்டைப் பிடுங்கலாம் என்றால் கரண்டே இல்லை. போனில் யாரைக் கூப்பிட்டாலும் எடுக்கப்போவது அவன். வேனில் போகலாம். போய்ச் சேருவதற்குள் அந்த மெஷின் எத்தனை தரம் கையைத் தூக்கி இறக்குமோ... கதவு வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி கதவு வரை போனார். நகத்தைக் கடித்துத் துப்பினார்.

பிறகு பையின் அடியிலிருந்து பேச்சுப்பெட்டியை எடுத்தார். தரையில், அந்தத் தூசியில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இழையில் மாட்டினார். காதில் வைத்தார்.

"கே—"

"கேக்குது, கேக்குது!"

அதே குரல். அதே அவசரம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி... தூசி பறந்து அவர் கன்னத்தில் பட்டது.

அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயை இறுக்கிக்கொண்டார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். ஒரு சொல் வெளியே வந்தால் அதற்குப் பதில் தயார். அதனால் சும்மா இருந்தார். மேலே தகரம்... டக்... டக்... அவர் கால் தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்தார். அங்கே மெஷின் கையைத் தூக்குகிற சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது. எழுந்து ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்கத் துடித்தது. உட்கார்ந்திருந்தார்.

பெட்டியில் ஓர் இருமல்.

பிறகு துணி நெளிகிற சத்தம்.

பிறகு... "நல்லா இருக்கேண்ணே," என்றது. அவர் பேசவில்லை. "சாப்டேண்ணே." அவர் பேசவில்லை. "பச்சைதாண்ணே." பேசவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கவில்லை.

ரொம்ப நேரம்.

அப்புறம் குரல் இறங்கிப்போய், குழந்தை கேட்கிற மாதிரி...

"என்னண்ணே? என்ன சொல்லணும்?"

"மூடு," என்றார் ஒட்டுக்காரர்.

சட்டென்று பதில் வரவில்லை. முதல்முறையாக வரவில்லை. அரை மூச்சு கழித்து வந்தது.

"மூடினா... நான் எங்கண்ணே போறது?"

கிளிப்பில் விளக்கு அணைந்தது. ஸ்பிரிட் வாசனை போய்விட்டது. செத்த அறையின் வாசனை மட்டும், பல்லிப் புழுக்கையும் பழைய சிமெண்டும். அவர் பேச்சுப்பெட்டியை இழையிலிருந்து கழற்றக்கூட இல்லை. அப்படியே போட்டுவிட்டு வேனுக்கு ஓடினார்.

பாதி வழியில் போன் அடித்தது. மணி அடித்தது, நின்று நிதானமாக அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கன்ட்ரோல் ரூம் பெண்.

"அண்ணே, நாம பேசினதுக்கப்புறம் உங்களுக்கு லைனே போகல. என்ன பண்ணீங்க? அந்த வழி போயிடுச்சு. எல்லாம் பழையபடி சுத்திக்கிட்டு மெதுவா போகுது. மேனேஜர் கத்தறார்."

"கத்தட்டும். ஏம்மா... நான் உனக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி போன் போட்டேனா?"

"இல்லையே அண்ணே. உங்க போன் வரவே இல்லையே."

குவாரி வாசலில் கூட்டம். அதைப் பார்த்ததும் அவர் கால் பிரேக்கை மறந்துவிட்டது. வேன் ஒரு கல் குவியலில் ஏறித்தான் நின்றது. இறங்கி ஓடினார். மெஷினின் பக்கெட் பாறையில் குத்தி நட்டுக்கொண்டு நின்றது. அதற்கடியில் சங்கிலி நசுங்கிக் கிடந்தது. சங்கிலி மட்டும்தான்.

மச்சினன் ஒரு கல் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. ஒட்டுக்காரர் அவன் தலை, தோள், கால் எல்லாம் தடவிப் பார்த்தார்.

குவாரி மேஸ்திரி ஓடி வந்தார்.

"டிரைவர் லீவரைத் தொடவே இல்லைங்கிறான். தானா இறங்கிச்சு. நான் கத்த வாயைத் தொறந்தேன். சத்தம் வரல. அதுக்குள்ள உங்க மச்சான் பாஞ்சான் பாருங்க... ஸ்பிரிங் மாதிரி! இவனைப் போய் ஆமைன்னு எவன் பேர் வெச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு. ஒட்டுக்காரர் சிரிக்கவில்லை. யாரும் கத்துவதற்கு முன்னால். பக்கெட் இறங்குவதற்கு முன்னால்.

அன்றைக்குப் பையனைத் தன்னோடே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். விஷயம் தெரிந்து பெண்டாட்டி அழுதாள், தம்பியைத் திட்டினாள், கட்டிக்கொண்டாள், சோறு போட்டாள். மத்தியானம் தொடாமல் வந்த டப்பாவைப் பார்த்து இவரையும் திட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்—"

"போதும், வயிறு நிறைஞ்சுடுச்சு," என்றான் தம்பி.

"கை வலி—"

"வலியே இல்லை."

"பாத்தீங்களா," என்று அவள் புருஷனைப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு பூரிப்பு. "ஒரு பயம் வந்ததும் என் தம்பிக்கு எவ்வளவு சுறுசுறுப்பு வந்துடுச்சு!"

ஒட்டுக்காரர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். மச்சினன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே முகம். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் பட்ட தழும்பு அதே இடத்தில். தூக்கி வளர்த்த பையன். அவர் பேசவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம்...

பையன் நெளிந்தான். தண்ணீர் குடித்தான். இருமினான். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"என்னண்ணே?" என்றான். "என்ன சொல்லணும்?"

"அடப்பாவி, மாமாவ அண்ணேங்கறான் பாரு," என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஒரே சொல். மத்தியானம் சொன்னதுதான். ஆனால் இங்கே சொன்னால் மூடப்போவது எது? உயிரோடு உட்கார்ந்திருப்பது யார்? இப்போது இவனை அனுப்பினால், பக்கெட்டுக்கு அடியிலிருந்து பாய்ந்த கால் அப்புறமும் நடக்குமா? அவர் தண்ணீரை எடுத்து மடக்மடக்கென்று குடித்து, அந்தச் சொல்லையும் சேர்த்து விழுங்கினார்.

இன்னும் சொல்லவில்லை. பையன் அங்கேயேதான் இருக்கிறான். குவாரி வேலையை விட்டாயிற்று. வெல்டர் போகும்போதெல்லாம் பார்க்கிறான். சிரித்த முகம், நல்ல சாப்பாடு, ஓடி ஓடி வேலை. ஒட்டுக்காரர்தான் பாதி ஆளாகிவிட்டார். அந்த வீட்டில் கதவைச் சாத்து என்றுதான் சொல்ல வேண்டும். குழாயை நிறுத்து, சட்டியைத் தட்டால் மறை. அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. சித்திக்கு அது எரிச்சல். புருஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று வெல்டரிடம் புலம்புவாள்.

போன வாரம் வெல்டர் போயிருந்தபோது, சித்தி அடுப்படியில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மறதியில் திரும்பி, சட்டியைக் கரண்டியால் காட்டி, தம்பியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அதைக் கொஞ்சம் மூ—"

பையன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"இப்ப வேணாம், அண்ணி."